கேமில் மழை பெய்தால்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் எனக்கு முதன்முதலாகக் கொடுத்த பொருள் ஒரு வீடியோ கேம் மெஷின். கொலுசோ சேலையோ வரும் என்று இருந்தவளின் கையில், மூக்குக் கண்ணாடிக் கூட்டைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை வைத்தார். நடுவில் திரை, இரண்டு பக்கமும் பொத்தான்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அதை அவர் எனக்காக வாங்கவில்லை. தனக்காக வாங்கி, வேலைக்கு எடுத்துப் போய், அங்கே பறக்கும் கல்தூசிக்குப் பயந்து திரும்பக் கொண்டுவந்ததை என் தலையில் கட்டினார். நானும் பெருமையாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவருக்கு வேலை ரிக் வண்டியில். எங்கள் பக்கத்தில் இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரிக் என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. நாமக்கல், திருச்செங்கோட்டு வண்டிகள் தண்ணீர் தேடி நாடு முழுக்கப் போகும். அவர் வண்டி போவது சத்தீஸ்கருக்கு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைத்துக் கிளம்பினால், அந்தச் சீமையில் மழை பிடிக்கும்வரை வண்டி ஊர் திரும்பாது. மழை வந்துவிட்டால் நின்றுதான் ஆக வேண்டும். ஈரக்காட்டில் (காடு என்றால் எங்கள் பேச்சில் விவசாய நிலம்) அவ்வளவு கனமான வண்டியை இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். மழை பெய்யும்போது போர் போட யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். ஆடி பிறந்ததும் வண்டிகள் வரிசையாக ஊருக்கு வரும்.

ஆக, அவரை என்னிடம் அனுப்பி வைப்பது மழைதான். அதிலும் எங்கள் ஊர் மழை இல்லை. எருமப்பட்டிப் பக்கம் எங்கள் காட்டில் மழை என்று சொல்லும்படி பெய்வது ஐப்பசியில். அப்போது அவர் போய்ச் சேர்ந்து பைப் இறக்கிக்கொண்டிருப்பார். கொல்லிமலையிலிருந்து மேகம் இறங்கி வாசலில் கொட்டும்போது நான் தனியாக நின்று பார்ப்பேன். டி.வி.யில் வானிலை சொன்னால் வீட்டில் எல்லாரும் தமிழ்நாட்டைப் பார்ப்பார்கள், என் கண் மேலே போய் சத்தீஸ்கரில் நிற்கும். அங்கே நீலமாக ஒரு சுழி வரைந்திருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு ருசிக்கும்.

எங்கள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. அவர் கிளம்புவதற்குள் மெஷினில் புதுக் கேம் ஏற்ற வேண்டும் என்று என்னையும் சேலத்துக்குக் கூட்டிப் போனார். புருஷன் பெண்டாட்டியாக நாங்கள் போன முதல் பயணம் அது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காம்ப்ளக்ஸ் மாடி. மாடிப்படியில் செல்போன் கவர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கடைக்காரர் மெஷினின் பக்கவாட்டிலிருந்து நகத்தளவு மெமரி கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் சொருகி, எங்களுக்கு டீ சொல்லிவிட்டு, கேம்களை வாரி வாரி ஏற்றினார். எங்கள் வீட்டு ஆட்களைவிட அதில் கேம்கள் அதிகம். ஒரிஜினல் எப்படி இருக்கும் என்று நான்தான் கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, அது சின்ன டிஸ்க்காக வரும், சேலத்தில் யாரும் விற்பதில்லை, தானே கண்ணால் பார்த்ததில்லை என்றார். கடைசியாக ஒரு எச்சரிக்கை சொன்னார். மெஷின் எப்போதாவது அப்டேட் செய்யட்டுமா என்று கேட்கும், கேட்டால் வேண்டாம் என்றே அழுத்த வேண்டும், தப்பித் தவறிச் சரி என்று அழுத்தினால் ஏற்றியதெல்லாம் ஓடாமல் போய்விடும். அதற்குப் பிறகு அந்த மெஷின் எத்தனையோ தடவை என்னைக் கேட்டுவிட்டது. நானும் சளைக்காமல் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நாங்கள் செய்வது திருட்டு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. விற்கிற கடையே இல்லாத ஒன்றைத் திருட முடியும் என்று யாருக்குத் தெரியும்.

அந்தக் கும்பலில் ஒன்றுதான் விவசாயக் கேம். சுடுகிறதும் குத்துகிறதும் எனக்குப் பிடிக்கவில்லை, கார் ஓட்டினால் தலை சுற்றியது. விவசாயக் கேமில் ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, வீட்டுக்கு முன்னால் காடு. காட்டின் ஓரத்தில் ஒரு குளம், அதில் தண்ணீர் இல்லை. குளத்தின் நடுவில் ஒரு படகு தரையில் சாய்ந்து கிடக்கும். அக்கரையில் ஏதோ ஓர் ஊர் மங்கலாகத் தெரியும். எதிர்வீட்டுக் கிழவர் ஒருவர் நாம் போய் நின்றால், மழை வரட்டும், குளம் நிறைந்ததும் படகில் அக்கரைக்குப் போகலாம் என்பார். பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு அவ்வளவு புரிந்துகொண்டேன். கிணற்றில் வாளி வாளியாக இறைத்து முள்ளங்கிக்கு ஊற்றினேன். முள்ளங்கி வந்தது. மழை வரவில்லை.

முதல் சீசன் முழுக்க அப்படித்தான் போனது. கேமில் வருடம் மாறும், இலை உதிரும், மறுபடியும் துளிர்க்கும், வானத்தில் ஒரு மேகம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் கேமில் ஏதோ கோளாறு என்று அன்றைக்கே கடைக்கு ஓடியிருப்பார்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. தொடர்ந்து சில வருடம் மழை பொய்ப்பது எங்கள் பக்கத்தில் ஒரு செய்தியா என்ன? கிணறு வற்றி, போர் வற்றி, அதற்குப் பக்கத்தில் இன்னொரு போர் போட்டு அதுவும் தண்ணீர் இல்லாமல் வெறும் தூசிப் புகையாகப் போன காடு எங்களுடையது. மழை வராத கேமைப் பார்த்ததும், பரவாயில்லையே, உள்ளதை உள்ளபடி எடுத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

அடுத்த ஆடியில் அவர் வந்தார். தலை ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம். ரிக்காரன் பெண்டாட்டிக்குப் புருஷனே ஆடியில்தான் வருகிறான் என்பதை வழக்கம் போட்டவர்கள் யோசிக்கவில்லை. அழைக்க வந்த என் அம்மாவைச் சாப்பாடு போட்டு அனுப்பிவிட்டேன். ஊர் சிரித்தது, சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஆடியில் நாங்கள் இருவரும் சேர்ந்து கேம் ஆடினோம். நான் வீட்டோரம் முள்ளங்கி போட்டால், அவர் குளத்தோரம் மக்காச்சோளம் விதைத்தார். மானாவாரிதான், மழைக்கு நிற்கட்டும் என்றார். சோளம் முழங்கால் உயரம் வந்து, அப்படியே நின்றது. வாடவும் இல்லை, வளரவும் இல்லை.

"இதச் செஞ்சவன் நம்ம பக்கத்து ஆளாத்தான் இருக்கோணும்," என்றார் அவர். பிறகு சமையலறையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்துவந்து உள்ளங்கையில் வைத்து, திரைக்கு மேலே மெல்ல நகர்த்தினார். போர் போடும் முன் நீரோட்டம் பார்க்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், தேங்காய் நிமிர்ந்தால் அங்கே தண்ணீர். திரையில் அந்த ஓட்டு வீடு இருக்கும் மூலையில் தேங்காய் நிமிர்ந்தது. அந்த இடத்தில் கேமில் தோண்டியும் பார்த்தோம். கல்தான் வந்தது. அவர் அவ்வளவு சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்த வருடம் ஆயுத பூஜை நெருங்க நெருங்க எனக்கு முகம் சிறுத்துப்போனது. மறைக்கிற சுபாவம் எனக்குக் கிடையாது. பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே தெரிந்துவிடும். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தக் கேம்ல மழ பேயட்டும் அம்மிணி," என்றார். "பேஞ்ச வருசம் நான் ரிக்குக்குப் போகல. ரண்டு பேரும் இங்கயே வெள்ளாமை பாத்துக்கலாம்."

விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். வேறு எதைப் பிடித்துக்கொள்வது? வட்டிக்கு வாங்கிக் கட்டிய வீடு, வற்றிய காடு, பிறக்கப்போகும் பிள்ளை, இவற்றை வைத்துக்கொண்டு போகாதீங்க என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா. கேமில் மழை கேட்கலாம், அதற்கு ஒரு செலவும் இல்லை.

மகள் பிறந்தாள். அவளை மடியில் போட்டுக்கொண்டும் ஆடினேன். தினமும் இல்லை, வேலை ஓய்ந்த மத்தியானங்களில் எடுப்பேன். முதலில் என் முள்ளங்கிக்குத் தண்ணீர், பிறகு குளத்தோரம் போய் அவருடைய சோளத்துக்குப் பக்கத்தில் சும்மா நிற்பேன். வாளித் தண்ணீர் அவ்வளவு தூரம் வராது. கிழவர் மழை வரட்டும் என்பார். இந்த ஆள் வேறு என்ன சொல்லப் போகிறார் என்று எரிச்சலாக வரும், போய் நிற்காமலும் இருக்க முடியாது. மெஷினில் பேட்டரி உப்பியது, மாற்றினேன். ஒரு பொத்தான் அமுங்கிவிட்டது, அதை நகத்தால் நெம்பி அழுத்தப் பழகினேன். காம்ப்ளக்ஸில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். என் வீட்டுக்காரரும் போர் போடும் டிரில்லராக இருந்தவர் வண்டிக்கு மேனேஜர் ஆனார். தலை நரைத்தது. ஒவ்வொரு ஆடியிலும் வந்தவுடன், மழை பெய்ததா என்று அவர் கேட்பார், இல்லை என்பேன். சில வருடம் கழித்து அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். வேலைக் களைப்பில் மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். போன பொங்கல் லீவுக்கு வந்தவள் பீரோவிலிருந்து மெஷினை எடுத்து, இன்னுமா இது ஓடுகிறது என்று ஆச்சரியப்பட்டாள். மழை வராத கதையைச் சிரித்துக்கொண்டே அவளுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து ஏதோ தேடினாள், படித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் படித்தாள்.

"அம்மா, இதுல மழ வராதும்மா," என்றாள். "வராத மாதிரியே வெச்சிருக்காங்க."

பொறுமையாக விளக்கினாள். கேமைச் செய்தவர்கள் வேண்டுமென்றே ஒரு பொறி வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்காக இருந்தால் முதல் கோடை முடிவதற்குள் மழை வரும், குளம் நிறையும், கதை அக்கரைக்குப் போகும். திருட்டுக் காப்பி என்றால் எல்லாம் ஓடும், மழை மட்டும் வராது. எத்தனை வருடம் ஆடினாலும் வராது. ஓடாத கேம் என்றால் உடைத்துவிடுவார்கள், ஓடிக்கொண்டே ஏங்க வைத்தால் அலுத்துப்போய் ஒரிஜினலை வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் போட்ட கணக்கில் எங்கள் ஊர் இல்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. முகம் தெரியாத அந்த ஆட்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திருடனைப் பிடிக்க வேறு வழியே தெரியவில்லையா, மழையிலா கை வைப்பது? மகள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். அது ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்திய சின்னக் கம்பெனியாம். எல்லாரும் காப்பி எடுத்தே ஆடியதில் தாக்குப்பிடிக்க முடியாமல் மூடிவிட்டார்களாம். இந்தக் கேமின் அடுத்த பாகம் பாதியில் நின்றுபோனதாம். அந்த மெஷினுக்கே காப்பி தொல்லையால் கேம் செய்ய ஆள் குறைந்துபோனதாம். அந்த ஏழெட்டுப் பேரும் தங்கள் பங்குக்கு யாராவது வாங்குவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். எங்களைப் போலவேதான், வராத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு.

அன்று சாயங்காலமே அவருக்குப் போன் போட்டேன். பின்னால் ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. கத்திக் கத்திச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படுவார், சிரிப்பார் என்று இருந்தேன். இரைச்சலில் காதில் விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, கேக்குதுங்களா?"

"தெரியும் சாமி," என்றார்.

குழந்தை பிறந்த சீசனிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. வண்டியில் உடன் போன டிரைவர் ஒருவர் அதே கேமை ஆடியவர், விஷயம் தெரிந்து சொல்லியிருக்கிறார். ஊருக்கு வந்து சொல்லிவிடலாம் என்றுதான் வந்தாராம். நான் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவருடைய சோளத்தைக் காட்டி, பாருங்க இன்னும் நிக்குது என்றேனாம். சொல்ல மனசு வரவில்லையாம். அதன் பிறகும் சில வருடம் மழை பெய்ததா என்று கேட்டது எனக்காகத்தானாம், போகப்போக அதற்கும் வாய் வரவில்லையாம். நான் போனை வைத்துவிட்டேன்.

அவர் சொல்லாததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. வராது என்று தெரிந்த மழையைச் சாக்காக வைத்துக்கொண்டு இத்தனை ஆயுத பூஜைக்கு நிம்மதியாகக் கிளம்பியிருக்கிறாரே, அதுதான் ஆறவில்லை. அதன் பிறகு அவர் கூப்பிட்டால், ம், சரி, சாப்பிட்டேன் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவரும் அதற்குமேல் துருவவில்லை.

மாசியில் ஒரு கூரியர் வந்தது. மகள் எப்படியோ தேடி, பழைய கேம் சேர்த்துவைக்கும் ஒருவரிடமிருந்து அந்த ஒரிஜினல் டிஸ்க்கை வாங்கி அனுப்பியிருந்தாள். கூடவே போனில் சொன்னாள், பழைய காட்டை அழிக்க வேண்டாம், டிஸ்க்கைப் போட்டு அதையே திறக்கலாம், அப்பா போட்ட சோளம் அப்படியே இருக்கும். நான் அதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். தினமும் விளக்கேற்றும்போது கண்ணில் படும். எடுக்கவில்லை. பயம்தான். மழை வராதவரை அவர் சொன்ன சொல் பொய்யாகவில்லை. மழை வந்தும் அவர் வராவிட்டால் அப்புறம் நான் எதற்காகக் காத்திருப்பது?

பங்குனியில் ஒரு மத்தியானம் கை தானாகப் போய் எடுத்தது. இன்ன காரணம் என்று சொல்லத் தெரியவில்லை. வெயில் அப்படி அடித்தது. மெஷினின் முதுகில் வட்டமாக ஒரு மூடி உண்டு. அது அழகுக்கு வைத்தது என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். டிஸ்க் போடுவதற்கான கதவு அது. நெம்பித் திறந்ததும் உள்ளே மாவு போல வெள்ளைக் கல்தூசி. எனக்குக் கொடுப்பதற்கு முந்தைய சீசனில் அவர் எடுத்துப் போனபோது சத்தீஸ்கரில் ஏதோ ஒரு காட்டில் போர் போட்டுப் பறந்த தூசி. எங்கள் கல்யாணத்தைவிட வயதான தூசி. முந்தானையால் துடைத்தேன். கோபமெல்லாம் எங்கே போனதோ, அவர் வேலை முடிந்து தலை முதல் கால்வரை வெளுத்து நிற்பதுதான் கண்ணுக்குள் வந்தது. அழுதேன். நன்றாகவே அழுதேன்.

டிஸ்க்கைப் போட்டதும் மெஷின் உள்ளுக்குள் கிர்ரென்று சுற்றியது. அதற்கு அப்படி ஒரு சத்தம் உண்டு என்பதே தெரியாது. எங்கள் காடு திறந்தது. என் முள்ளங்கி, அவர் சோளம், சாய்ந்த படகு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. கிழவரிடம் போய் நின்றேன். அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் போய் கேமில் தூங்கி எழுந்தேன். வெளியே வந்தால் மழை.

முதலில் தூறல். பிறகு திரையே மறைக்கும்படி கொட்டியது. குளத்தின் அடியில் தண்ணீர் பளபளத்தது. சோளம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அசைந்து, முழங்காலிலிருந்து இடுப்புக்கு உயர்ந்தது. நான் அவருக்குப் போன் போட்டேன்.

"பேஞ்சிருச்சுங்க," என்றேன்.

கம்ப்ரசர் சத்தத்தில் அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. அங்கே மழையா என்று கேட்டார். இங்கே பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது, கேமில் பெய்கிறது, நம் காட்டில், உங்கள் சோளத்துக்கு மேலே என்று சொன்னேன். அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்க வை என்றார். நான் மெஷினின் ஸ்பீக்கரைப் போனோடு ஒட்டிப் பிடித்தேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் மழை பொரிகிற மாதிரிதான் கேட்டது. அவர் யாரிடமோ இந்தியில் ஏதோ சொன்னார். கம்ப்ரசர் இறங்கி இறங்கி, அடங்கியது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வேலையிலிருந்து பேசும்போதெல்லாம் அந்த இரைச்சலுக்கு மேல்தான் பேசியிருக்கிறோம். இப்போது ஏதோ ஒரு பறவை கத்துவது கேட்டது. அவர் மூச்சு விடுவது கேட்டது.

"வண்டிய ஏனுங்க நிறுத்தீட்டீங்க?" என்றேன்.

"மழ பேஞ்சா நிறுத்தித்தான அம்மிணி ஆகோணும்."

"நிறுத்திப்போட்டு அங்கயே உக்காந்திருக்காதீங்க," என்றேன். "வாங்க."

அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கையில் மழை பெய்துகொண்டிருந்தது. கம்ப்ரசர் எப்போது மறுபடியும் கிளம்பும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே நின்றேன். போனில் சார்ஜ் தீர்கிறவரை அது கிளம்பவில்லை.